தூசி என்று நான் துடைத்த முட்கள்

கடல் இல்லாத ஊரில் பிறந்து கடலுக்கு வாக்கப்பட்டுப் போன என் தங்கச்சி ஈஸ்வரிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பேன்? நீ போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது. அம்மா இருக்கிறாள், உன் மதினி இருக்கிறாள், பிரஸ் ஓடுகிறது, லேபிள் சீசன் மறுபடியும் வந்துவிட்டது. எம். புதுப்பட்டியிலிருந்தும் தாயில்பட்டியிலிருந்தும் வெடிக் கம்பெனிக்காரர்கள் ஆள் மேல் ஆள் அனுப்பி, பெட்டி லேபிள் எங்கே என்று கேட்கிறார்கள். போன வருஷம் உன் காரியத்துக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவர்கள்தான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, தீபாவளி வருகிறது.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் செய்த தப்பு அச்சில் செய்த தப்பு. அதைத் துறைமுகம் பூராவும் ஒட்டவும் ஒட்டியாயிற்று. அதனால் மன்னிப்பையும் அச்சில் கேட்பதுதான் முறை என்று எனக்குப் படுகிறது. உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள் தாயி.

என் தங்கச்சி தூத்துக்குடியில் மீன் ஆராய்ச்சி வேலை பார்த்தாள். வெயில் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் கிடக்கிற ஒரு சுறாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தச் சுறாவின் உடம்பெல்லாம் முள். ரோஜாச் செடியின் முள் மாதிரி அடி அகலமாக, நுனி கூராக இருக்கும். கறுத்த தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை வெள்ளையாகத் தெரியும். எப்போதாவது ஒன்று வலையில் மாட்டும். மாட்டினால் ஈரலை எண்ணெய்க்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துண்டு போட்டுவிடுவார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இதே பேச்சுதான்.

"அண்ணே, அதுக்கு உடம்புல எலும்பே கிடையாது. மத்த மீனுக்கு இருக்கிற காத்துப் பையும் கிடையாது. ஈரல்ல இருக்க எண்ணெய்தான் அதை முங்க விடாம வச்சிருக்கு."

"அம்புட்டு எண்ணெயா?"

"ஆமா. அதான் அதுக்கு எமன். இன்னொண்ணு கேளுங்க. அது முட்டை இடாது. முட்டை வயித்துக்குள்ளயே பொரிஞ்சு, குட்டியா வளந்துதான் வெளிய வரும். எத்தனை மாசம் சுமக்கும்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

"நீ ஒருத்தி தெரிஞ்சு என்ன செய்யப் போற? சோத்தைச் சாப்பிடு புள்ள."

அப்போதுதான் கோபம் வரும் உனக்கு. வயிற்றில் குட்டியோடு ஒன்றே ஒன்று முழுசாகக் கிடைத்தால் போதும் என்பாய். எந்த மாதம் கிடைத்தது, குட்டி எவ்வளவு நீளம் என்று எழுதி வைத்தால், அடுத்தடுத்துக் கிடைப்பதை வைத்து மாதக் கணக்குப் பிடிபடும் என்பாய். எப்போது அந்த ஆழத்தில் வலை போடாமல் இருக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் படகுக்காரர்களிடம் சொல்ல முடியுமாம். தலையை ஆட்டிக் கேட்டேன். பாதி என் காதில் ஏறவில்லை, பாதி நேரம் நான் மறுநாள் லோடை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்காகத்தான் நீ அந்தப் படத்தோடு பிரஸ்ஸுக்கு வந்தாய். சுவரில் ஒட்டுகிற அளவில் ஒரு போஸ்டர். நடுவில் அந்தச் சுறாவின் போட்டோ, வெளிநாட்டில் யாரோ எடுத்து உனக்கு அனுப்பியது. கீழே அடையாளங்கள். இது மாட்டினால் வெட்ட வேண்டாம், உயிர் இருந்தால் விட்டுவிடுங்கள், செத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று உன் போன் எண். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புவதற்குள் வேண்டும் என்றாய்.

டிசைனர் கையில் கொடுக்காமல் நானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தங்கச்சி வேலை அல்லவா, பளிச்சென்று வர வேண்டும் என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. இந்தத் தொழிலில் எனக்கு முதல் எதிரி வெள்ளைப் புள்ளிதான். அச்சுப் பிளேட்டில் தூசி உட்கார்ந்தால் அச்சில் வெள்ளைப் புள்ளி விழும். காலண்டரில் முருகன் கன்னத்தில் ஒரு புள்ளி விழுந்ததற்காக ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்த கதை உனக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தேன். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டுத் துடைத்தேன் ஈஸ்வரி. முடித்துவிட்டு, மழையில் நனைந்த எருமை மாதிரி என்ன வழுவழுப்பு என்று நானே ரசித்தேன்.

வேறு யார் வேலையாக இருந்தாலும் புரூஃப் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் மிஷினில் ஏற்றுவோம். ஆனால் சொந்தக்காரர்கள் வேலைக்கு இந்த ஊரில் யாரும் புரூஃப் காட்டுவதில்லை. காட்டினால், என்னை நம்பலையா என்று கேட்பது போல் ஆகிவிடும். நீயும், "நீங்களே பாத்து அடிங்கண்ணே" என்று போனில் சொல்லிவிட்டாய். அடித்துவிட்டேன்.

போஸ்டர் கட்டைப் பிரித்து நீ முதல் தாளைப் பார்த்த நேரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மிஷின்மேன் சுடலை அண்ணன் பக்கத்தில் நின்றார். நீ தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு சிரித்தாய்.

"அண்ணே, சுறாவுக்குச் சவரம் பண்ணி விட்டுட்டீகளே."

எனக்குப் புரியவில்லை. நீ பொறுமையாகச் சொன்னாய். அந்த வெள்ளைப் புள்ளிதான் முள். அதுதான் அதன் அடையாளம். முதுகின் இரண்டு துடுப்பும் வாலை ஒட்டிப் பின்னால் தள்ளி இருப்பது, வாலுக்கு முன்னால் அடியில் துடுப்பே இல்லாதது எல்லாம் சரிதான், ஆனால் அவசரத்தில் படகுக்காரர் பார்ப்பது முள்ளைத்தான். "அதுலயும் ரெண்டு மூணு முள்ளு ஒரே அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும்ணே. இதுக்கு ஒரு பங்காளி இருக்கு, அதுக்கு முள்ளு பொடிப்பொடியா தனித்தனியா இருக்கும். ஒட்டி இருந்தா இதுதான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்."

சுடலை அண்ணன் முன்னால் எனக்கு அவமானமாகப் போயிற்று. உள்ளதைச் சொல்கிறேன், தப்பு தெரிந்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, கோபம். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? உன் சுறாவை அம்புட்டுக் கிட்டப் போயி யாரு பாக்கப் போறா?" என்று கத்தினேன். மறுபடி அடிக்க மிஷினில் இடம் இல்லை, லேபிள் வேலை வரிசையில் நிற்கிறது என்றேன். சீசன் முடியட்டும், அடித்துத் தருகிறேன் என்றேன்.

"சரிண்ணே, தீபாவளி கழியட்டும்" என்றாய். போஸ்டர் கட்டுகளையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாய். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிறு வந்தாய். அம்மா சுறாப்புட்டு செய்திருந்தாள். நீ சாதத்தில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாய். வயிறு சரியில்லையா என்று அம்மா கேட்டாள், ஆமாம் என்றாய். "என்ன புள்ள, உன் சுறா மாட்டுச்சா?" என்று நான் கிண்டலாகக் கேட்டேன். "மாட்டும்ணே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய்.

புரட்டாசியில் தலைவலி என்று வந்து படுத்தாய். காபி கொண்டுவரப் போன உன் மதினி திரும்பி வருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு என்று மதுரையில் சொன்னார்கள். உன்னை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கடைத்தெருவில் போனபோது ஆட்கள் ஓடி வந்து, "எந்தக் கம்பெனி, எங்கன வெடிச்சுச்சு?" என்று கேட்டார்கள். நம்ம ஊரில் சைரன் கேட்டால் வேறு எதையும் கேட்கத் தெரியாது. எங்கேயும் வெடிக்கவில்லை, என் தங்கச்சி வீட்டில் சும்மா படுத்திருந்தாள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. மறுநாள் காலையில் நீ இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சேவியர் என்று பெயர், விசைப்படகு டிரைவர். பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, மேடத்துக்கு நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். அவுககிட்டச் சொல்லிட்டேன். ஒங்ககிட்டயும் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது."

ஆவணியில் அவர் வலையில் ஒரு பெரிய சுறா மாட்டியிருக்கிறது. அவர் அதுவரை பார்க்காத சுறா. படகில் ஒட்டியிருந்த உன் போஸ்டரோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"படத்துல உள்ளது வழுவழுன்னு இருந்திச்சு. எங்களுக்கு மாட்டுனது மேலெல்லாம் முள்ளு. அப்ப இது வேறன்னு முடிவு பண்ணிட்டோம். கீழ எழுதித்தான் இருந்திச்சு. நாங்க எழுத்தையா பாப்போம், படத்தைத்தான பாப்போம். ஈரலுக்காக வயித்தைக் கீறுனா, உள்ள பூராம் குட்டி அண்ணாச்சி. இருபதுக்கு மேல இருக்கும். அதுகளுக்குக் கண்ணு பச்சையா மின்னுச்சு. எல்லாத்தையும் கடல்ல தள்ளிவிட்டுட்டோம்."

கரைக்கு வந்து, அதிசயமாக ஒன்றைப் பார்த்தோம் என்று சந்தோஷமாகத்தான் உன்னிடம் போனில் இருந்த போட்டோவைக் காட்டியிருக்கிறார். நீ வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாயாம். இதுதான் அந்தச் சுறா என்று நீ சொன்னதும், ஏசுவாய் என்று அவர் நின்றாராம்.

"ஒரு வார்த்தை ஏசல. யாரு மேலயும் தப்பு இல்லண்ணே, படம் சரியா விழலை, அம்புட்டுத்தான்னு சொன்னாக. எந்தப் பிரஸ்ஸு, யாரு அடிச்சதுன்னு நான் கேட்டேன். அதைச் சொல்லவே இல்ல."

அடித்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பந்தலுக்குப் பின்னால் நின்று அழுதோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஏன் சுறாப்புட்டைத் தொடவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன் என்றா? லேபிளை இறக்கிவிட்டு உன் போஸ்டரை ஏற்ற ஒரு பொழுது போதும். ஒரே ஒரு பொழுது. அதை நான் தரமாட்டேன் என்று அவ்வளவு நிச்சயமாகவா தெரிந்தது உனக்கு?

தூத்துக்குடியில் உன் அறையைக் காலி செய்ய நானும் உன் மதினியும் போனோம். கட்டிலுக்கு அடியில் மிச்சம் இருந்த கட்டு கிடந்தது. மேலே இருந்த தாள்களில் சுறாவுக்கு முள் முளைத்திருந்தது. வெள்ளைப் பேனாவால் ஒவ்வொன்றாக நீ புள்ளி வைத்திருக்கிறாய். ஒட்டி இருக்க வேண்டியதை ஒட்டி, தனியாக இருக்க வேண்டியதைத் தனியாக. எல்லாத் தாளிலும் அதே இடத்தில். அதற்குக் கீழே, பாதிக் கட்டுக்கு மேல் இன்னும் வெறும் வழுவழுப்பு. நீ கடைசியாகத் தொட்ட தாளில் தலைப்பக்கம் மட்டும் புள்ளி இருந்தது, உடம்பு பாக்கி. மதினி அதை எடுத்து, ஊர் வரும் வரை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

தடைக்காலத்துக்குள் மறுபடி அடித்துவிட வேண்டும் என்று சித்திரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை புரூஃப் போட்டேன். போட்டுவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கையெழுத்துப் போட நீ இல்லை. பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போய் சேவியர் அண்ணனிடம் நீட்டினேன். அவர் வால் பக்கம் விரலை வைத்து, "இதேதான் அண்ணாச்சி, இங்கனதான் கூட்டமா இருந்திச்சு" என்றார். ஓரத்தில் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

மிஷினில் ஏற்றியபோது சுடலை அண்ணன் திணறிவிட்டார். ஒவ்வொரு பத்துத் தாளுக்கும் ஒன்றை உருவி, "மொதலாளி, இது தூசியா முள்ளா?" என்று கேட்டார். நான் லென்ஸை வைத்து நீ தந்த போட்டோவோடு ஒத்துப் பார்ப்பேன். தூசி என்றால் மிஷினை நிறுத்திப் பிளேட்டைத் துடைப்போம். லேபிள்காரர் ஒருவர் வந்து, என்ன இது இழவு வேலை என்றார். ஆமாம், இழவு வேலைதான் என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன் எண்ணில்தான் தயங்கினேன். உன் கூட வேலை பார்த்த ரோஸ்லின் தன் எண்ணைப் போடச் சொன்னாள். அதுதான் புத்திசாலித்தனம், எனக்கும் தெரியும். என்னால் உன் எண்ணை எடுக்க முடியவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை கேட்காமல் முள்ளை எடுத்தவன் நான். உன் எண்ணை முதலிலும் அவள் எண்ணை அடுத்தும் போட்டேன். உன் போனைப் பிரஸ்ஸில் என் மேசை மேல் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். உன் போன் அடித்தது.

"மேடம் இருக்காகளா?"

யாரோ புதுக் குரல். "நான் அவுக அண்ணன் பேசுறேன், சொல்லுங்க" என்றேன். போஸ்டரில் இருக்கிற மாதிரி ஒன்று வந்திருக்கிறது, செத்துவிட்டது, இன்னும் வெட்டவில்லை என்றார். மிஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ரோஸ்லின் சொல்லித் தந்தபடி கேட்டேன். முதுகுத் துடுப்புக்கு முன்னால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கிறதா? இல்லை. வாலுக்கு முன்னால் அடியில் துடுப்பு இருக்கிறதா? இல்லை. வயிற்றுத் துடுப்புக்கு நடுவில் ஆண் சுறாவுக்கு இருக்கிற மாதிரி இரண்டு குழல் தொங்குகிறதா? அதுவும் இல்லை.

"அப்ப பொம்பளை. முள்ளு எப்படி இருக்கு? ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு இருக்கா?"

"வால் பக்கம் அஞ்சாறு ஒண்ணா இருக்கு அண்ணாச்சி. வயிறும் பெருசா இருக்கு."

"வெட்டாதீக. தயவு பண்ணி வெட்டாதீக. ஐஸ்ல வையுங்க, இப்ப ஆள் வருவாக."

ரோஸ்லின் ஓடினாள். மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள். வயிற்றில் குட்டிகள் முழுசாக இருந்தன, எல்லாவற்றையும் அளந்தாயிற்று, உன் நோட்டில் நீ கோடு போட்டு வைத்திருந்த பக்கத்தில் முதல் வரியாக எழுதியாயிற்று என்றாள். நோட்டில் மாதம் என்ன என்று எழுதினாய் என்று கேட்டேன். ஆடி என்றாள்.

வாடி வா, கிடைத்துவிட்டது என்று உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேறு எதுவுமே தோன்றவில்லை எனக்கு. என் போனை எடுத்து, ஈஸ்வரி என்று தேடி, அழுத்திவிட்டேன். மேசை மேல் உன் போன் அடித்தது. திரையில் 'அண்ணே' என்று வந்தது. அதற்கு மேல் பெயரோ பிரஸ்ஸோ எதுவும் இல்லை, அண்ணே மட்டும். சுடலை அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினார். அது தானாக ஓயும் வரை அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்புட்டு அமைதியில் அந்தச் சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

இனி நீ எடுக்க மாட்டாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அதனால் நான் எடுப்பேன். சீசனாக இருந்தாலும், வாசலில் லோடு நின்றாலும், உன் எண்ணுக்கு யார் கூப்பிட்டாலும் நான் எடுப்பேன். உன் நோட்டில் அந்தப் பக்கம் முழுசும் நிறைகிற வரைக்கும் எடுப்பேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
அண்ணன் மாரியப்பன்